ஏட்டில் அடங்காத நாடகம்: தியாகி விசுவநாததாஸ் வாழ்வும் கலையும்

தென்மாவட்டங்களின் கோயில் கொடைகளிலும் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களிலும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தில், இரவு பத்து மணி அளவில் முதலில் மேடையேறுபவர் பபூன். அன்றைய கதைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. தனியொருவராக நின்று, விழா எடுத்த ஊரை வாழ்த்தி, விலைவாசியை நொந்து, மாமியார் மருமகள் சண்டையை நடித்துக் காட்டி, கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. கையில் ஏடு கிடையாது. எதிரே இருக்கும் கூட்டத்தின் முகமே அவர் படிக்கும் ஏடு. சிரிப்பு எழுந்தால் அந்தப் பேச்சை நீட்டுவார். எழாவிட்டால் அடுத்த பேச்சுக்குத் தாவுவார். அவர் உள்ளே போனபின் ராஜபார்ட் வருவார். புராணக் கதை தொடங்கும். சிரிப்பும் அன்றாட நடப்பும் பபூனுக்கு, பக்தியும் பாட்டும் ராஜபார்ட்டுக்கு என்பது அந்த மேடையின் பொதுவான பங்கீடு.

இப்பங்கீட்டைக் கலைத்து, அன்றாட நடப்பையும் எள்ளலையும் ராஜபார்ட்டின் வாயில், அதிலும் முருகப்பெருமானின் வாயில் வைத்துப் பாடியவர்களுள் தலையாயவர் சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ். தேசபக்தர் என்றும் தியாகி என்றும் அவரைப் போற்றுகிறோம். அப்போற்றுதலுக்கு நடுவே, அவர் கையாண்ட கலை எத்தகையது என்னும் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. அந்தக் கலையை விளங்கிக்கொண்டால்தான் அவர் ஏன் அத்தனை முறை சிறை செல்ல நேர்ந்தது என்பதும் விளங்கும்.

பிறப்பும் பின்னணியும்

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய பண்டிதர், தாயார் ஞானாம்பாள். அன்று சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தது. 1985இல் பிரிந்த விருதுநகர் மாவட்டத்தில் இன்று இருக்கிறது. தீப்பெட்டியும் பட்டாசும் அவ்வூரின் பெயரைப் பரப்பியது பின்னாளில்தான். கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியவர்கள் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923இல். விசுவநாததாஸ் பிறந்தபோது அது கரிசல் சூழ்ந்த ஒரு வணிக ஊர்.

அவர் பிறந்தது மருத்துவர் குலம். ஊரார் நாவிதர் என்று அழைத்த குலம் அது. ஆண்கள் முடி திருத்துவர். நாட்டு வைத்தியமும் பார்ப்பர். பெண்கள் பேறுகாலம் பார்ப்பர். பிறப்பு முதல் இறப்பு வரை எந்தச் சடங்கும் அவர்கள் இன்றி நடவாது. ஆயினும் சடங்கு முடிந்ததும் அவர்கள் நிற்க வேண்டிய இடம் வாசலுக்கு வெளியே. சாதி என்பது அக்காலத்தில் அந்த வட்டாரத்தை எவ்வளவு கொந்தளிக்க வைத்தது என்பதற்கு 1899 ஜூன் 6ஆம் நாள் நிகழ்ந்த சிவகாசிக் கலவரமே சான்று. கோயில் நுழைவுரிமையை ஒட்டி எழுந்த பகை, ஊரையே தீக்கிரையாக்கிற்று. அந்த மாதத்தில்தான் விசுவநாததாசுக்குப் பதின்மூன்று வயது நிறைந்தது.

அவர் வளர்ந்ததும் வாழ்ந்ததும் மதுரைக்கு அருகே திருமங்கலத்தில். குரல்வளம் இயல்பாக வாய்த்திருந்தது. அக்குரல் அவரை மேடைக்குக் கொண்டு சேர்த்தது.

ஒத்திகை இல்லாத கலை

தமிழ் நாடகத்துக்கு இலக்கணம் வகுத்தவராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகங்கள் இரண்டு வழிகளில் மேடை ஏறின. ஒன்று, சிறுவர்களைச் சேர்த்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, வாத்தியார் பிரம்புடன் பாடம் சொல்லிக்கொடுத்து நடத்திய பாய்ஸ் கம்பெனி நாடகம். மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். இதில் நிலையான குழு என்பதே இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார்; ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்து வருவார்; ஆர்மோனியக்காரரும் பபூனும் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்வார்கள். அன்று மாலைதான் ஒருவரை ஒருவர் காண்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாட்டும் வசனமும் அனைவருக்கும் மனப்பாடம் என்பதே அவர்களுக்குள் இருக்கும் ஒரே ஒப்பந்தம்.

அந்த மனப்பாடத்துக்கு மேல்தான் அவரவர் திறமை. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் நேருக்கு நேர் நின்று வாதிடும் தர்க்கம் ஸ்பெஷல் நாடகத்தின் உயிர்நிலை. ஒருவர் எங்கே மடக்குவார் என்பது மற்றவருக்குத் தெரியாது. கேள்விக்குப் பதில் அந்தக் கணத்தில் பிறக்க வேண்டும். பதிலில் சிலேடை இருந்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். பாட்டிலும் அப்படியே. தெரிந்த மெட்டில் அன்றைய செய்தியை வைத்துப் புதுச்சொல் கட்டிப் பாடினால் ஆர்மோனியம் உடன் ஓடி வரும். விடியும்வரை இது நடக்கும். தூங்கிவிழும் கூட்டத்தை நடுநிசியில் நிமிர்த்தி உட்காரவைக்கத் தெரிந்தவருக்கே அடுத்த ஊரில் அழைப்பு உண்டு.

விசுவநாததாசின் பெயரோடு பிரியாமல் நிற்பது வள்ளி திருமண நாடகம். அந்தத் தேர்வில் பொருள் உண்டு. பக்தி நாடகங்களுள் நகைச்சுவைக்கு மிகுதியும் இடம் தருவது அதுவே. தினைப்புனம் காக்கும் குறப்பெண்ணிடம் முருகன் வேடனாக வந்து வம்பளக்கிறான்; அகப்படும் வேளையில் வேங்கை மரமாக நிற்கிறான்; பின்னர்த் தள்ளாடும் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். தெய்வம் தன் பெருமையை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரு சிறுபெண்ணிடம் ஏச்சு வாங்கும் கதை அது. பார்ப்பவர்களுக்கு வந்திருப்பவன் யார் என்று தெரியும், வள்ளிக்குத் தெரியாது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்துப் பேச இதைவிட வாய்ப்பான களம் வேறில்லை.

சிரிப்புக்கு அஞ்சிய சட்டம்

விசுவநாததாஸ் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் நாடகத்தை அடக்க ஒரு சட்டம் வந்துவிட்டது. அது பிறந்த கதை நகைச்சுவையோடு தொடர்புடையது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது, வங்காளப் பெரிய மனிதர் ஒருவர் அவரைத் தம் வீட்டுப் பெண்கள் இருக்கும் உட்பகுதிக்கு அழைத்துச் சென்று உபசரித்தார். அதனை எள்ளி 1876இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒரு கேலி நாடகம் நடிக்கப்பட்டது. அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டு இறுதியில் அதுவே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என நிலைபெற்றது. அவதூறு என்றோ அரசுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டுவது என்றோ கருதும் எந்த நாடகத்தையும் தடைசெய்யலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. அவலத்தைக் காட்டிய நாடகங்களைப் பொறுத்துக்கொண்டிருந்த அரசு, கேலியைப் பொறுக்க முடியாமல் சட்டம் செய்தது.

ஆனால் தடை செய்ய வேண்டுமானால் தடை செய்யத்தக்க ஒரு நாடகம் வேண்டும். வள்ளி திருமணத்தை எவ்வாறு தடை செய்வது? அதன் ஏட்டைக் கேட்டு வாங்கிப் படித்தால் அதில் வள்ளியும் முருகனும் நம்பிராசனும் நாரதரும்தான் இருப்பார்கள். அரசைக் குறித்து ஒரு சொல் இராது. அரசுக்கு அச்சம் தந்தது ஏட்டில் இல்லை. பாடுபவரின் நாவில் இருந்தது. அதுவும் அன்று இரவு மட்டும் இருந்தது. நாளை வேறொன்றாக இருக்கும். எனவே நாடகத்தைப் பிடிக்க முடியாத அரசு நாடகக்காரரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

தினைப்புனத்தில் வந்த கொக்கு

1919 ஏப்ரல் 13இல் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த படுகொலை தமிழ்நாட்டுச் சிற்றூர்களை எட்டியதில் பத்திரிகையைவிட நாடக மேடைக்குப் பங்கு அதிகம். எழுத்தறியாதவர் மிகுந்த காலம் அது. பஞ்சாபின் துயரத்தை விசுவநாததாஸ் மேடையில் பாடினார். புராண நாடகத்தின் நடுவே, கதைக்குச் சற்றும் தொடர்பில்லாத அந்தப் பாட்டு எழும்போது கூட்டம் அதனை இடையூறாகக் கருதவில்லை, அதற்காகவே காத்திருந்தது. காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டபின் கதர் உடுத்தினார்; மேடையில் முருகனுக்கும் கதரையே உடுத்தினார். மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952) முதலியோர் எழுதிய தேசியப் பாடல்கள் அக்காலத்து நடிகர்களிடையே வேகமாகப் பரவின. செங்கோட்டைக் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தேசியப் பாடல்களைப் பாடினர். ஆயினும் அந்தப் பாட்டுக்காகத் திரும்பத் திரும்பச் சிறை சென்றவர் என்ற சிறப்பு விசுவநாததாசுக்கே உரியது.

அவர் பாடியவற்றுள் மக்கள் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு. அதன் அமைப்பைக் கவிஞர்கள் கருதிப் பார்க்கத் தகும். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் உண்டு. புனத்தில் பறவை ஓட்டும் காட்சி உண்டு. கிளியும் குருவியும் வரும் இடத்தில் ஒரு கொக்கு வந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். கொக்கு வெள்ளை நிறத்தது. எங்கிருந்தோ வந்து இறங்குவது. ஒற்றைக்காலில் தவம்போல் நின்று உரிய நேரத்தில் கொத்திக்கொண்டு போவது. இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஒன்றும் இராசத்துரோகமும் இல்லை. கொக்கு யார் என்பதைப் பாட்டு சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒன்றைக் கேட்பவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொண்ட கணத்தில் சிரிக்கிறார்கள்.

இதுவே அவர் கலையின் உயிர். மேடையில் நின்று அரசை நேரே வைதிருந்தால் அது சொற்பொழிவு. கேட்பவர் கேட்டுவிட்டுப் போயிருப்பர். சிலேடையில் பாதியைத் தாம் பாடி, மீதியைக் கூட்டத்திடம் விட்டதால், ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் அந்தக் குற்றத்தில் பங்காளிகள் ஆயினர். தனியாளாக வெள்ளைக்காரனை எண்ணி அஞ்சிய உழவனும் கூலியும், பக்கத்தில் இருப்பவனும் அதே இடத்தில் சிரிப்பதைக் கண்டபோது, அச்சம் தமக்கு மட்டுமே உரியதன்று, துணிவும் அப்படியே என்று அறிந்தனர். பழந்தமிழ்ப் புலவர் கையாண்ட உள்ளுறைக்கும் இரட்டுறமொழிதலுக்கும் கரிசல் காட்டு மேடையில் கிடைத்த புதுவாழ்வு என்று இதனைக் கொள்ளலாம்.

முருகனுக்குப் பிடிவாரண்ட்

நாடகம் நடக்கும் இடத்துக்குப் போலீசார் வருவது வழக்கமாயிற்று. அவர்கள் நாடகக் கொட்டகையில் முன்வரிசையில் அமர்ந்து காத்திருப்பதும், பாட்டு முடிந்ததும் மேடை ஏறுவதும் நாடகத்தின் ஓர் அங்கம் போலவே ஆகிவிட்டன. அவற்றுள் ஒரு நிகழ்ச்சி நாடக உலகில் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படுவது. முருகன் வேடத்தில் நின்ற அவரிடம் அதிகாரி பிடிவாரண்டை நீட்டினாராம். வாரண்ட் விசுவநாததாசுக்கு அல்லவா, மேடையில் நிற்பவன் முருகன் ஆயிற்றே, முருகனைப் பிடிக்க ஆணை இருக்கிறதா என்று அவர் வினவினாராம். நாடகம் முடிந்து வேடம் களைந்தபின் விசுவநாததாஸ் தாமே வருவார் என்றும் சொன்னாராம். தர்க்கத்தில் பழகிய நாவுக்கு அது எதிராளி போட்ட ஒரு கேள்வி, அவ்வளவே. கூட்டத்தின் சிரிப்புக்கு நடுவே அதிகாரி விடியும்வரை காத்திருக்க நேர்ந்ததாம்.

சிரிப்பு அடங்கியபின் சிறை இருந்தது. அவர் 29 முறை கைதானார் என்று கணக்கிட்டுச் சொல்வர். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர் பொருட்டு நீதிமன்றத்தில் வாதாடினார். செக்கிழுத்து மீண்டு, வழக்குரைக்கும் உரிமையைத் திரும்பப் பெற்றுக் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் நடத்திய வ.உ.சி., தாமும் வறுமையில் இருந்த காலம் அது. சொல்லால் சிறைப்பட்ட ஒருவர், பாட்டால் சிறைப்பட்ட மற்றொருவருக்காக நின்றார்.

நாடகக்காரருக்குக் கைது என்பது சிறைவாசம் மட்டுமன்று. ஸ்பெஷல் நாடகத்தில் கூலி இரவுக் கணக்கு; மேடை ஏறாத இரவுக்குக் கூலி இல்லை. பாதியில் நாடகம் நின்றால் ஒப்பந்தக்காரருக்கு நட்டம்; அடுத்த முறை அழைக்கத் தயங்குவார். இன்னொருவர் இரண்டு கூட்டத்தில் பேசிச் சிறை சென்றால் அவர் நிலமோ தொழிலோ பின்னால் காத்திருக்கும். விசுவநாததாசுக்குக் குரலே நிலம், அதுவே தொழில். ஒவ்வொரு சிறைவாசமும் அதனையே தேய்த்தது.

எதிரே நிற்க மறுத்தவர்கள்

அவருக்கு நேர்ந்த இடர்கள் அனைத்தும் வெள்ளையரால் வந்தவை அல்ல. அவரோடு இணைந்து நடிக்க, உயர்ந்த சாதி என்று தம்மைக் கருதிய நடிகைகள் சிலர் மறுத்தனர். நாவிதர் குலத்தில் பிறந்தவருக்கு மேடையிலும் மாலையிடுவதா என்பது அவர்கள் தடை.

இந்த மறுப்பின் கொடுமை ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை அறிந்தவர்க்கே முழுவதும் புலனாகும். தனித்துப் பாடும் கச்சேரியாயின் ஒருவர் மறுத்தால் வேறொருவர் பக்கவாத்தியம் வாசிக்கலாம். தர்க்கம் தனியே நடவாது. எதிரே நின்று கேள்வி போட ஒருவர் வேண்டும். அவரும் நிகரான திறமை உடையவராக இருக்க வேண்டும். வள்ளி இல்லாமல் வள்ளி திருமணம் இல்லை. ஆயிரக்கணக்கானோர் கையெடுத்துக் கும்பிட்ட முருகனுக்கு, எதிரே நிற்க ஒரு வள்ளி கிடைக்காத இரவுகள் உண்டாயின. வெள்ளைக் கொக்கைக் கண்டு ஒன்றாய்ச் சிரித்த கூட்டம், தன்னுள்ளே இருந்த இந்தப் பிளவைச் சிரித்துக் கடக்க அறியவில்லை.

அந்நிலையில் அவருக்கு இணையாக நடிக்க முன்வந்தவர் கே. பி. ஜானகி அம்மாள். மதுரையைச் சேர்ந்த அவர் இளம் வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பாட்டில் பெயர் பெற்றவர். சாதி கூறி ஒதுங்கிய மேடையில் அவர் துணிந்து நின்றது, பின்னாளில் அவர் கொண்ட வாழ்வுக்கு முன்னுரையாக அமைந்தது. காங்கிரசிலும் பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்திலும் பணியாற்றி, 1967இல் சட்டமன்ற உறுப்பினரானார், 1992இல் மறைந்தார். விசுவநாததாசின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரை விட்டுவிட இயலாது. எதிரே நின்று பதில் சொன்ன அந்தக் குரல் இல்லாமல் அவருடைய தர்க்கம் பாதியில் நின்றிருக்கும்.

கடனும் கடைசி மேடையும்

தொடர்ந்த சிறைவாசமும் தடையும் குடும்பத்தைக் கடனில் தள்ளின. திருமங்கலத்து வீடு அடகில் மூழ்கியது. தேசியப் பாட்டைக் கைவிட்டால் கடனைத் தீர்க்க அரசு உதவும் என்று செய்தி வந்ததாகவும், அவர் அதனை ஏற்க மறுத்ததாகவும் கூறுவர். அத்தகைய உடன்பாடு அவரால் இயலாத ஒன்று என்பது அவர் கலையை நோக்கினாலே தெரியும். கொக்கை நீக்கிவிட்டுக் கிளியையும் குருவியையும் மட்டும் பாட அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கூட்டம் அந்த இடத்தில் காத்திருக்கும். காத்திருந்து ஏமாறும் அந்த மௌனத்தின் முன் நிற்பது, சிறையில் இருப்பதைவிடக் கடினமானது.

1940இன் இறுதியில் சென்னையில் நாடகங்களில் நடிக்க ஒப்புக்கொண்டு சென்றார். வயது ஐம்பத்து நான்கு, உடல் தளர்ந்திருந்தது. உலகப்போர் மூண்டிருந்த காலம். தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. டிசம்பர் 31ஆம் நாள் இரவு, ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். திரை விலகியதும் மயில் ஆசனத்தின்மேல் முருகனாக அமர்ந்து பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்தது. எந்தப் போலீசாரும் நிறுத்த இயலாத பாட்டு அவ்வாறு நின்றது. முருகன் வேடத்துடனேயே அவருடல் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது.

பின்வந்தவர்கள்

அவர் விட்ட இடத்திலிருந்து இக்கலை வேறு உருவங்களில் தொடர்ந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908-1957), நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு கிந்தனார் காலட்சேபம் செய்தார். பழைய உருவத்துக்குள் புதுப்பொருளை வைத்துச் சிரிக்கவைக்கும் அதே வழி அது. எம். ஆர். ராதா (1907-1979) அன்றைய நாளிதழ்ச் செய்தியை அன்றிரவே நாடகத்தில் பேசினார். சுதந்திரம் வந்தபின் 1954இல் சென்னை மாகாணத்தில் மீண்டும் ஒரு நாடகச் சட்டம் வந்ததற்கு அவருடைய நாவும் ஒரு காரணம். ஆட்சி மாறினாலும், ஏட்டில் இல்லாததைப் பேசும் நாவைக் குறித்த அச்சம் மாறவில்லை. 1876ஆம் ஆண்டின் சட்டம் இந்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 2018இல்தான். ஒலிபெருக்கியின் முன் தனியொருவராக நின்று நாட்டு நடப்பைக் கேலிசெய்யும் இன்றைய இளைஞர்களுக்கும் அந்த அச்சத்தோடு பழக்கம் உண்டு. அவர்களுக்கு முன்னோர் அயல்நாட்டில் மட்டும் இல்லை.

திருமங்கலத்தில் விசுவநாததாசின் நினைவில்லம் இருக்கிறது. விருதுநகர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இன்றும் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணம் நடக்கிறது. தினைப்புனக் காட்சியில் வள்ளி கவணெடுத்துப் பறவை ஓட்டுகிறாள். பாட்டின் சொற்கள் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. எந்தப் பறவையின் பெயரை எந்த இடத்தில் சொல்வது என்பது இப்போதும் ஏட்டில் எழுதப்படுவதில்லை. மேடையில் நிற்பவரின் துணிவுக்கே அது விடப்பட்டிருக்கிறது.